குச்சி நட்டால் ஏன் பட்டுப்போகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

செம்பருத்தி, மல்லிகை, நந்தியாவட்டை, காகிதப்பூ, வெட்சி, மாதுளை, அத்தி, முருங்கை. இவற்றையெல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டில் கவாத்து செய்து வாசலில் போட்டிருக்கும் கிளையே போதும். ஆனாலும் "இத்தனை குச்சி வைத்தேன், ஒன்றுகூட வரவில்லை" என்று சொல்லாத தோட்டக்காரர் குறைவு. மற்றவர்களின் தொட்டிகளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னதில் எனக்குத் தெரிந்தது, திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் ஏழெட்டுதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குச்சி இப்போது எப்படி இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எல்லாத் தலைப்புக்கும் பொதுவாக மனதில் வையுங்கள். மேலே தெரியும் இலையையும் துளிரையும் வைத்து முடிவெடுக்காதீர்கள், குச்சி பிழைக்குமா இல்லையா என்பது மண்ணுக்குள் இருக்கும் அடிக்கணுவில்தான் தீர்மானமாகிறது.

## எதற்கும் முன்னால்: உயிர் இருக்கிறதா?

குச்சியின் நடுப்பகுதியில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். பட்டைக்குக் கீழே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் மண்ணை ஒட்டி இன்னொரு கீறல். அங்கே பச்சை இருந்தால் பச்சை தொடங்கும் இடம் வரை மேலே வெட்டிவிட்டு விடலாம். அங்கேயும் பழுப்பு என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வேர் வந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து வேண்டாம். காகிதப்பூவின் இளம்வேர் தொட்டால் ஒடியும், ஒருமுறை பிடுங்கினால் அந்தக் குச்சியின் கணக்கு முடிந்தது. அதற்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரிலோ, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலிலோ அடியில் துளை போட்டு நடுங்கள். வேர் சுவரைத் தொட்டதும் வெளியிலிருந்தே தெரியும். பாசி பிடிக்காமல் இருக்க வெளியே ஒரு கறுப்புப் பையைச் சுற்றிவைத்து, பார்க்கும்போது மட்டும் விலக்கலாம்.

## நட்ட இரண்டு மூன்று நாளிலேயே இலை தொங்குகிறது

மத்தியானம் மட்டும் தொங்கி, மறுநாள் விடியற்காலையில் நிமிர்ந்து நிற்கிறதா? அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் நிழலான இடத்துக்கு மாற்றினால் போதும். காலையிலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இலை அதிகமா? வேர் இல்லாத குச்சியால் இருக்கிற எல்லா இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. உச்சியில் இரண்டு இலை, மிஞ்சிப்போனால் மூன்று, அதையும் செம்பருத்தி மாதிரி அகலமாக இருந்தால் பாதியாக வெட்டிவிட வேண்டும். மொட்டும் பூவும் கட்டாயம் போக வேண்டும். இந்த இடத்தில்தான் பலருக்கு மனசு வருவதில்லை, மொட்டோடு இருக்கிறதே பூக்கட்டுமே என்று விட்டுவிடுகிறார்கள், குச்சியில் இருக்கிற சத்தை அந்த மொட்டு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

வெயிலும் காற்றும் அடுத்தவை. மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலை கட்டியிருக்கிறேன் என்பார்கள். வளர்ந்த செடிக்கு அது நல்ல ஏற்பாடு, வேர் வராத குச்சிக்கு அது போதாது. தரைத்தள வீட்டின் வடக்குச் சுவர் ஓரம், பெரிய மரத்தடி, வெளிச்சம் வரும் குளியலறை ஜன்னல், இவைதான் சரியான இடம். மேலே ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துவைத்தால் ஈரப்பதம் நிற்கும், தினமும் சில நிமிடம் திறந்துவிடுங்கள். பை போட்ட தொட்டியில் நேர் வெயில் பட்டால் உள்ளே குச்சி வெந்துவிடும், காலை வெயிலாக இருந்தாலும் சரி.

எப்போது வெட்டினீர்கள் என்பதும் முக்கியம். முந்தின நாள் தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் வெட்டிய குச்சிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கு வெட்டியதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஊரிலிருந்து பேருந்தில் கொண்டுவருகிற குச்சி என்றால் ஈரத் துணியிலோ நனைத்த செய்தித்தாளிலோ சுற்றிப் பைக்குள் போட்டு வாருங்கள், வீட்டுக்கு வந்ததும் அடியில் ஒரு சென்டிமீட்டர் புதிதாக வெட்டிவிட்டு நடுங்கள்.

இது எல்லாம் சரியாக இருந்தும் வாடினால் கிளை பிஞ்சாக இருந்திருக்கும். வளைத்துப் பாருங்கள். ரப்பர் போல வளைந்தால் பிஞ்சு. கொஞ்சம் வளைந்து 'டக்' என்று ஒடிந்தால் அது பாதி முதிர்ந்தது, செம்பருத்தி, மல்லிகை, நந்தியாவட்டை, வெட்சிக்கு அதுதான் வேண்டும். வளையவே இல்லை என்றால் முதிர்ந்த தண்டு, காகிதப்பூ, மாதுளை, அத்தி, திராட்சைக்கு அது ஏற்றது. பென்சில் தடிமன், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம், குறைந்தது மூன்று நான்கு கணு.

## அடிப்பகுதி கறுத்து, மெத்தென்று ஆகிவிட்டது

மண்ணை ஒட்டிய இடத்தில் கறுப்பு ஏறி, அழுத்தினால் பட்டை வழுக்கிக்கொண்டு வந்தால் அழுகல். மேலே பச்சை மிச்சம் இருக்கும்போதே பிடித்துவிட்டால் காப்பாற்றலாம். கறுப்புக்கு மேலே நல்ல பச்சை வரும் வரை வெட்டி, புதுக் கலவையில் நடுங்கள். பழைய கலவையை அப்படியே திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

நூற்றுக்குப் பெரும்பங்கு அழுகல் தண்ணீரால்தான். விரலை இரண்டு கணு அளவு உள்ளே விட்டுப் பாருங்கள். தேங்காய் நார்க்கழிவு மேலே வறண்டது போலத் தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும், மேலே பார்த்துத் தினமும் ஊற்றுகிறவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்தால் மட்டும் ஊற்றும் பழக்கம் நல்லது. அடியில் துளை இருக்கிறதா, அது அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது கலவை. சாணி உரம், மண்புழு உரம், சமையலறைக் கழிவில் செய்த உரம் எதுவும் குச்சி நடும் கலவையில் வேண்டாம். வேர் வராத குச்சிக்கு உரம் தேவையே இல்லை, வெட்டுக்காயத்தில் கிருமிதான் ஏறும். கரடான ஆற்றுமணலும் நார்க்கழிவும் சம பங்கு, அவ்வளவுதான். ஆற்றுமணல் கிடைக்கவில்லை என்றால் எம்-சாண்டைத் தூசு முழுக்கப் போகும் வரை அலசிப் போடலாம். கடல் மணல் கூடவே கூடாது.

பால் வடியும் செடிகளுக்குத் தனி விதி. பெருமாள் அரளி எனச் சிலர் சொல்லும் புளுமேரியா, அடீனியம், கள்ளி வகைகள் எல்லாம் வெட்டிய உடனே ஈர மண்ணில் வைத்தால் அழுகத்தான் செய்யும். நிழலில் ஒரு வாரம் போட்டு, வெட்டிய முகம் உலர்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள், நட்ட பிறகும் கொஞ்ச நாளைக்குக் கை அடக்கியே தண்ணீர் விடுங்கள். இன்னொரு விஷயம், சாதாரண அரளியின் (நீரியம்) எல்லாப் பாகமும் விஷம். வெட்டும்போது கையுறை போடுங்கள், அரளிக் குச்சியை வைத்த தண்ணீர் பாட்டிலைக் குழந்தைகளோ வீட்டு விலங்குகளோ தொடும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

கத்தரி மொண்ணையாக இருந்தால் வெட்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும். கூர்மையான வெட்டுக்கத்தரி அல்லது புது பிளேடு, ஒவ்வொரு செடிக்கும் நடுவில் ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் அழுகினால் மருந்துக்குப் போகலாம். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து அடியை நனைத்து நடலாம், கலவையில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலக்கலாம். தாமிரப் பூஞ்சைக்கொல்லியையும் சூடோமோனாஸையும் ஒன்றாகப் போடாதீர்கள், தாமிரம் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். குச்சி மட்டுமில்லாமல் தாய்ச்செடியின் கிளைகளும் ஒவ்வொன்றாகக் கருகிக்கொண்டு வந்தால் அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. ஒரு கிளையை அறுத்து எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் கல்லூரிக்கோ போய்க் காட்டுங்கள்.

## நன்றாகத் துளிர்த்தது, அப்புறம் திடீரென்று பட்டுப்போனது

இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் வருத்தப்பட வைப்பதும் இதுதான். பத்துப் பதினைந்து நாளில் அழகாகக் கொழுந்து விட்டிருக்கும், "பிடித்துவிட்டது!" என்று வெயிலுக்கு மாற்றியிருப்பார்கள், அடுத்த வாரமே கொழுந்து துவண்டு கருகியிருக்கும்.

துளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தண்டுக்குள் சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்தையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு கணு தானாகத் துளிர்க்கும். காகிதப்பூ, மாதுளை, ரோஜா மூன்றும் இப்படி ஏமாற்றுவதில் கைதேர்ந்தவை. சேமிப்பு தீருவதற்குள் வேர் வந்தால் பிழைக்கும், வராவிட்டால் இல்லை.

அதனால் முதல் பரிசோதனை: துளிர் வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றினீர்களா, உரம் போட்டீர்களா, வேறு மண்ணுக்கு மாற்றினீர்களா? மூன்றில் எதைச் செய்திருந்தாலும் காரணம் அதுவே. துளிர் வந்த குச்சியை முதலில் வைத்த இடத்திலேயே, அதே நிழலில், அதே ஈரத்தில் விட்டுவிடுங்கள். செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் நான்கு முதல் ஆறு வாரம், மல்லிகைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம், காகிதப்பூவுக்கும் வெட்சிக்கும் ஆறு முதல் பத்து வாரம் ஆகும். முதலில் வந்த துளிர் முதிர்ந்து, இலை கெட்டியாகி, அதற்கு மேல் இரண்டாவது தடவையாகப் புதுக்கொழுந்து ஓடத் தொடங்கினால்தான் கீழே வேர் வேலை செய்கிறது என்று நம்பலாம். டம்ளர் சுவரில் வேர் தெரிந்தால் இன்னும் உறுதி.

துளிர் நிறைய வந்திருக்கிறது, வேர் இல்லை என்று உறுதியாகத் தெரிகிறது. அப்போது என்ன செய்வது? இரண்டு துளிரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், மேலே பை கவிழ்த்து ஈரப்பதத்தை ஏற்றுங்கள். துவண்டுவிட்ட கொழுந்தை முழுதாக எடுத்துவிட்டாலும் தண்டு பச்சையாக இருந்தால் கீழ்க்கணு இன்னொரு முறை முயலும், அதனால் உடனே தூக்கி எறிய வேண்டாம்.

எங்கே வெட்டினீர்கள் என்று பாருங்கள். கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்க வேண்டும். பெரும்பாலான பூச்செடிகளில் வேர் சுலபமாகக் கிளம்பும் இடம் கணுதான். இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டி, கணுவே மண்ணுக்குள் போகாமல் நட்டிருந்தால் துளிர் வரும், வேர் தாமதமாகும். குறைந்தது இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். தலைகீழாக நட்டிருந்தாலும் வேர் வருவது கடினம். இலையில்லாத முதிர்ந்த குச்சியில் இது சுலபமாக நடக்கிற ஒன்று. உதிர்ந்த இலைக்காம்பின் தழும்புக்கு மேலேதான் மொட்டு இருக்கும், அதை வைத்து எது மேல் என்று கண்டுபிடிக்கலாம். வெட்டும்போதே மேல்வெட்டை நேராகவும் கீழ்வெட்டைச் சாய்வாகவும் வெட்டிவிட்டால் குழப்பமே இல்லை.

வீட்டு வைத்தியமாக இளநீரிலும் முருங்கை இலைச் சாற்றிலும் ஊறவைக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் இருக்கும் சைட்டோகைனின் என்ற பொருள் துளிரைத் தூண்டும், வேர் கிளம்புவதைத் தடுக்கவே பார்க்கும். துளிர்த்துச் சாகிற கோளாறு உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இதை நிறுத்திப் பாருங்கள். தேன் தடவுவது காயத்தில் கிருமி சேராமல் ஓரளவு பார்த்துக்கொள்ளும், வேர் வரவைக்கும் சக்தி அதற்கு இல்லை. கற்றாழைச் சோறு தடவினால் கெடுதல் இல்லை. வேர் சுலபமாக வரும் செடிக்கு இது எதுவுமே தேவையில்லை, சிரமமான செடிக்கு இது போதாது.

செலவு செய்யும் கட்டம் வந்தால் வேர் ஊக்கிப் பொடி வாங்குங்கள். அதில் இருப்பது ஐ.பி.ஏ என்கிற இண்டோல் பியூட்டிரிக் அமிலம். பாதி முதிர்ந்த தண்டுக்கு 1000 பி.பி.எம், அதாவது கிலோ பொடிக்கு ஒரு கிராம் வலிமையும், முதிர்ந்த தண்டுக்கு 2000 முதல் 3000 வரையும் சரியாக இருக்கும். டப்பாவுக்குள் குச்சியை நேராக விடாதீர்கள். ஒரு தாளில் கொஞ்சம் கொட்டி, அடியைத் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு, மண்ணில் ஒரு கம்பியால் துளை போட்டு அதற்குள் இறக்குங்கள். அப்படியே குத்தினால் பொடி எல்லாம் மேலேயே வழிக்கப்பட்டுவிடும். அதிகம் ஒட்டினால் இன்னும் நல்லது என்ற எண்ணமும் தவறு, அடி பழுப்பாகக் கருகும். பொடி வாங்கியதிலிருந்து வெயில் படும் அலமாரியில் கிடந்திருந்தால் அது வேலை செய்யாது, காலாவதித் தேதியைப் பாருங்கள்.

## துளிரும் இல்லை, சாகவும் இல்லை, அப்படியே நிற்கிறது

மேலே சொன்ன வாரக்கணக்கு இன்னும் முடியவில்லை என்றால் காத்திருங்கள். மார்கழிக் குளிரில் வைத்தது என்றால் மாசி வரைக்கும்கூட அசையாது. மேட்டுப்பாங்கான ஊர்களில் இது இன்னும் அதிகம்.

கணக்கு முடிந்தும் அசைவில்லை என்றால் ஒரே ஒரு குச்சியை மட்டும் மண்ணோடு அள்ளி எடுத்து அடியைப் பாருங்கள். வெட்டிய முகத்தில் வெள்ளையாகக் கட்டி போலத் திரண்டிருக்கிறதா? காயம் ஆறியதற்கான அடையாளம் அது, நல்லதுதான். ஆனால் அது பட்டாணி அளவுக்குப் பெருத்துக் கடினமாகிவிட்டால் வேர் வெளியே வரத் தடுமாறும். கூரான பிளேடால் அந்தக் கட்டியை ஓரத்தில் லேசாகச் சீவி, பட்டையில் இரண்டு சென்டிமீட்டருக்கு மெல்லிய கீறல் ஒன்றிரண்டு போட்டு, வேர் ஊக்கி தொட்டுத் திரும்ப நடுங்கள்.

கட்டி பெரிதாகிக்கொண்டே போவதற்குக் கலவையில் சுண்ணாம்புத்தன்மை அதிகமாக இருப்பதும் ஒரு காரணம். சிமெண்டுத் தூசு கலந்த மணல், உப்புத் தண்ணீர் இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

கட்டியும் இல்லை, பச்சையாக மட்டும் இருக்கிறது என்றால் செடி வகையைச் சந்தேகப்பட வேண்டும். அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

## இலை ஓரம் கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் படிவு

உப்பு. வேறு காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிறைய வீடுகளில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லது, ஆனால் உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். வளர்ந்த மரம் ஓரளவு தாங்கும், குச்சி தாங்காது. ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும் பகுதி என்றால் அதுவும் வேண்டாம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதற்கு இணை இல்லை. அது இல்லாத காலத்தில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள், காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் உப்பே இருக்காது, குச்சிகளுக்குத் தேவையான அளவு ஒரு இரவிலேயே கிடைத்துவிடும்.

இன்னொரு உப்புக் கிடங்கு, அலசாத நார்க்கழிவு. கட்டியை ஊறவைத்து உதிர்த்த உடனே பயன்படுத்தாமல் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை பிழிந்து எடுங்கள். முதல் தடவை வரும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், நிறம் வெளுக்கும் வரை அலச வேண்டும். விலை கூடுதலாகக் கொடுத்தால் அலசியதே கிடைக்கும்.

## உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வருகிறது

மேல்வெட்டு கணுவுக்கு வெகு உயரத்தில் இருந்தால் அந்தத் துண்டு காயத்தான் செய்யும், கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டினால் போதும். வெட்டிய முகத்தில் கொஞ்சம் மஞ்சள்தூள் குழைத்தோ மெழுகு உருக்கியோ பூசிவிடலாம்.

முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய பெரிய கிளைத்துண்டு), கல்யாண முருங்கைப் போத்து, கிளுவைக் கழி மாதிரி பெரியதாக நடுகிறவர்களுக்கு இது முக்கியம். மேல்முனை வழியே வெயிலும் மழைத் தண்ணீரும் இறங்கினால் முழுப் போத்தும் போகும். ஊர்ப்பக்கம் உச்சியில் பச்சைச் சாணியை உருண்டையாக அப்பி வைப்பது இதற்காகத்தான், நகரத்தில் சாணி கிடைக்காதவர்கள் களிமண் அப்பி மேலே ஒரு பாலித்தீன் துண்டைக் கட்டலாம். முருங்கைப் போத்து ஒரு மீட்டருக்குக் குறையாமல், மணிக்கட்டுத் தடிமனாவது இருக்கட்டும். நட்ட பிறகு தண்ணீரை அளவோடு விடுங்கள், முருங்கைக்கு ஈரம் தேங்கினால் அழுகல் உறுதி. செடிமுருங்கையான பி.கே.எம்-1 விதையில் வருவது, அதற்குப் போத்து தேடி அலைய வேண்டாம். யாழ்ப்பாணம், மூலனூர், வலையப்பட்டி போன்ற மரமுருங்கைகளுக்குத்தான் போத்து.

தரையில் நேராக நட்ட கனமான குச்சி உச்சியிலிருந்து காய்ந்து, அசைத்தால் சுலபமாக ஆடினால், பிடுங்கிப் பாருங்கள். பட்டைமேல் மண்பூச்சு இருந்தால் கரையான். செம்மண் தரையில் கோடைக்காலத்தில் இது சகஜம். அடுத்த முறை தொட்டியில் வேர் வரவைத்த பிறகு, குழியில் வேப்பம் பிண்ணாக்கு போட்டுத் தரைக்கு மாற்றுங்கள். சுற்றிலும் புற்று இருந்து வீட்டு மரச்சாமான் வரை வந்திருந்தால் கரையான் ஒழிப்பவரை அழைக்க வேண்டியதுதான், பூச்சிமருந்தைக் கையால் கலந்து தோட்டத்தில் ஊற்றும் வேலை வேண்டாம்.

## தண்ணீரில் வேர் விட்டது, மண்ணில் வைத்ததும் செத்தது

தண்ணீரில் வரும் வேர் மெல்லியது, எளிதில் ஒடியும். பாட்டில் நிறைய வேர் சுருண்டு அழகாக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் விட்டால் மண்ணுக்கு அது பழகாது. வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்த உடனே மாற்றுங்கள். மாற்றிய முதல் பத்து நாள் மண் ஈரமாகவே இருக்க வேண்டும், மேலே பையும் வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். பாட்டில் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவதும் கட்டாயம், கொசு முட்டையிடும். என்னைக் கேட்டால், நேராகக் கலவையில் நடுவதே மேல்.

## வேர் பிடித்தது, தொட்டி மாற்றியதும் சுருண்டுவிட்டது

மாற்றும்போது வேரைச் சுற்றிய மண் உதிர்ந்ததா? அதுவே பெரும்பாலும் காரணம். டம்ளரை உருவாமல் பக்கவாட்டில் கத்தரியால் வெட்டித் திறந்து, மண்கட்டியோடு இறக்குங்கள். காகிதப்பூவுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மாலையில் மாற்றுங்கள், ஒரு வாரம் பழைய நிழலிலேயே வையுங்கள், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம் என்று கூட்டுங்கள். உரம் மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகுதான். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் தொட்டி மாற்றினால் மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் நிறையப் போகும், ஆடி பிறக்கும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நட்டால் காற்றின் ஈரப்பதம் உதவும், ஆனால் அடைமழையில் தொட்டி கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

## பூச்சி, பாசி, சின்ன ஈ

மண்மேல் பச்சைப் பாசியும் சின்னக் கறுப்பு ஈயும் சேர்ந்து தெரிந்தால் ஈரம் அதிகம். அந்த ஈயின் புழு இளம்வேரைத் தின்னும். மேல்மண்ணைக் காயவிடுங்கள், ஒரு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த மணல் பரப்புங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று போதும்.

செம்பருத்தியில் வெள்ளை மாவு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, கூடவே எறும்பு ஏறும். வேர் வராத குச்சியில் எண்ணெய்க் கரைசல் தெளித்தால் இலை கருகக்கூடும், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து எடுங்கள். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2010-ல் விட்ட பிறகுதான் அடங்கியது. அதனால் பூச்சி இருக்கிற தாய்ச்செடியிலிருந்து குச்சி வாங்கவே வேண்டாம், எவ்வளவு நல்ல நிறமாக இருந்தாலும்.

## எத்தனை தடவை வைத்தாலும் வேரே வராத செடி

மா, பலா, சப்போட்டா, கறிவேப்பிலை குச்சிகளோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிடலாம். மா, சப்போட்டாவுக்கு ஒட்டுக்கன்று வாங்குவதே வழி, பலாவுக்கு ஒட்டு அல்லது விதை. கறிவேப்பிலைக்கு மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்து எடுங்கள், அல்லது பழத்திலிருந்து எடுத்த விதையைக் காயவிடாமல் உடனே போடுங்கள். பெரிய பூ பூக்கும் கலப்பினச் செம்பருத்தி வேர் விட்டாலும் சொந்த வேரில் நோஞ்சானாக நிற்கும், நர்சரியில் அதை நாட்டுச் செம்பருத்திமேல் ஒட்டுக்கட்டித்தான் விற்கிறார்கள். கலப்பின ரோஜாவும் அப்படியே. ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே கிளம்பிய கிளையை வெட்டி நட்டால் வேர் அருமையாக வரும், பூ மட்டும் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. பன்னீர் ரோஜா என்றால் குச்சியிலேயே வரும்.

மல்லிகைக் குச்சிக்குத் திரும்பத் திரும்பத் தோல்வி என்றால் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்து நாற்றை வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டங்களுக்கு அங்கிருந்துதான் நிறைய நாற்று போகிறது, மணல் நிலத்தில் குச்சியை வேர்பிடிக்க வைப்பது அங்கே பழகிய தொழில். ஏற்கெனவே ஒரு மல்லிகை வீட்டில் இருந்தால் தாழ்ந்த கொடியை வளைத்து ஒரு கணுவை மண்ணில் அமுக்கிக் கல் வைத்தாலே போதும், வேர் வந்தபின் தாயிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.

கொய்யா, எலுமிச்சை, வெட்சி, பிடிவாதமான மாதுளை இவற்றுக்கு விண்பதியன், அதாவது கிளையைச் செடியிலேயே வைத்து வேர் வரவைப்பது. மழைக்காலத்தில் பென்சில் தடிமனுள்ள கிளையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, நனைத்துப் பிழிந்த நார்க்கழிவை உருண்டையாக வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு மாதத்தில் தாள் வழியாக வேர் தெரியும். தெரியவில்லை என்றால் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் உரித்த இடத்தில் பட்டை திரும்ப இணைந்திருக்கும். பட்டையை எடுத்ததும் மரக்கட்டைமேல் வழவழவென்று ஒரு பசை இருக்கும், கத்தியின் முதுகால் அது போகும் வரை சுரண்டிவிட்டுக் கட்டினால் இணையாது. உருண்டை காய்ந்துபோயிருந்தால் கட்டு தளர்வு. எறும்பு குடியேறியிருந்தாலும் கட்டு தளர்வுதான்.

வெட்டப்போகும் வீட்டில் நிற்கும் பழைய மரம், தாத்தா வைத்த மாமரம், இனி வேறெங்கும் கிடைக்காத வகை என்றால் சொந்தமாகச் சோதித்துப் பார்க்கும் இடம் அது இல்லை. மரம் உயிரோடு இருக்கும்போதே ஒட்டுக்கட்டத் தெரிந்த நர்சரிக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்து, ஒன்றுக்குப் பத்தாகக் குச்சி எடுத்து வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியாக வளர்க்கும் கன்றில்) கட்டச் சொல்லுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரிக்கலாம், கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 எண்ணிலும் தமிழிலேயே கேட்கலாம். மரத்தை வெட்டுகிற தேதி முடிவாவதற்குச் சில மாதம் முன்னாலேயே இதைத் தொடங்கிவிடுங்கள், முதல் தடவை கட்டிய ஒட்டுகள் கூடவில்லை என்றால் இன்னொரு தடவை குச்சி எடுக்க அந்த மரம் நின்றுகொண்டிருக்க வேண்டும்.